சைலன்சர்ப் பொருத்தம்

ஸ்காபரோ
12 பெப்ரவரி 1995

அன்பும் அழகும் அறிவும் ஒரே உடம்பில் இடம் போதாமல் நெருக்குப்படுகின்ற என் மருமகள் செலீனுக்கு, மாமா இக்னேசியஸ் எழுதிக்கொள்வது.

நானும் உன் மாமி கிளடிஸும், எங்களோடு இருக்கும் உன் தாயாரும் ஆண்டவர் கிருபையால் உறையாமல் இருக்கிறோம். இங்கே குளிர் எப்படியென்றால், காலையில் விட்ட மூச்சை மத்தியானம் மீசையிலிருந்து சுத்தியலால் தட்டி எடுக்கிறேன். நீ சுகமா?

நோர்வேயில் சைலன்சர் விற்கிற கடையில், அளவு பார்த்துப் பொருத்திக் கொடுக்கிற வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை உன் தாயாருக்கு உரத்து வாசித்தேன். பிறகு எனக்கு உரத்து வாசித்தேன். பிறம்ரன் தொடக்கம் அஜக்ஸ் வரை சைலன்சர் சக்கரவர்த்தி என்று அழைக்கப்படுபவன் நான். அழைப்பவனும் நான்தான்; ஆனாலும் இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை. நான் பூட்டிய காரில் ஏறிய குழந்தை தூங்கினால் பல்கலைக்கழகத்தில்தான் எழும்பும். அந்த இரத்தம் உன்னிலும் ஓடுகிறது.

ஆகையால் என் புத்திமதியைக் கேள். அளவு பார்த்து நேரத்தை வீணாக்காதே. பெரிய குழாய்க்குச் சின்ன சைலன்சர் அகப்பட்டால் வாய் விரிய இரண்டு அடி அடி. சின்னக் குழாய்க்குப் பெரியதென்றால் தகரம் சுற்று. சத்தம் இன்னும் குறைய வேண்டுமென்றால் ஓட்டை சின்னதாய்ப் பார்த்துப் போடு. பொருந்தாத சைலன்சர் என்று உலகத்தில் ஒன்றுமில்லை.

ஒக்டோபரில் இங்கே உன் கலியாணம். மாப்பிள்ளை வின்சன்ற் அஜக்ஸில் வீடும் பார்த்துவிட்டான். உன் தகப்பனார் இருந்திருந்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் வந்திருப்பாய். அவர் இல்லை. ஆகவே வாசலிலிருந்து பீடம் வரை உன்னைக் கூட்டிக்கொண்டு போவது யார் என்று ஒரு வரி எழுதிவிடு. எனக்கு ஒன்றுமில்லை. கோயில்காரர் கேட்கிறார்கள்.

கிறீஸ் படிந்த கையால் ஆசீர்வதிக்கும்
மாமா


ஹமார், நோர்வே
9 மார்ச் 1995

அன்புள்ள மாமாவுக்கு, செலீன் எழுதுவது.

நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? மாமி பனியில் வழுக்கி விழாமல் இருக்கிறாவா?

மாமா, கோபிக்க வேண்டாம். எங்கள் கடையில் விற்பது கார்ச் சைலன்சர் இல்லை. வேட்டைத் துவக்குக்குப் பூட்டுவது. இங்கே மூஸ் என்ற பெரிய மானைச் சட்டப்படி வேட்டையாடுகிறார்கள். சுடுபவரின் காதுக்கும் நாயின் காதுக்கும் காட்டோரத்து வீட்டுக்காரருக்கும் நல்லது என்று சைலன்சர் பூட்டிக்கொள்வார்கள்.

உங்கள் புத்திமதியின்படி நான் நடந்தால் யாராவது சாவார்கள். சைலன்சரின் துவாரம் குண்டின் பருமனைவிடப் பெரிதாய் இருக்கவேண்டும். சின்னக் குண்டுக்கென்று செய்ததைப் பெரியதற்கு ஒருபோதும் பூட்டக்கூடாது. மவுண்ட் என்பது குழலின் நுனியில் சைலன்சரைப் பிடித்து வைத்திருக்கும் திருகு. அதன் புரியும் குழலின் புரியும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரே பருமன் குண்டிலும் வெடிமருந்தின் வேகம் கூடியது குறைந்தது உண்டு. அந்த அமுக்கத்தைத் தாங்கும் என்று செய்தவரே எழுதியிருக்க வேண்டும். எல்லாம் சரியென்றாலும், துவக்கை வெறுமையாக்கி, குழலுக்குள்ளால் வெளிச்சத்தைப் பார்த்து, இரண்டு துவாரமும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் கொடுப்போம். தகரம் சுற்றுவதில்லை.

கடைக்காரர் பெயர் ஹோக்கன். ஹோக்கனுக்கு உங்கள் வயது. ஹோக்கன் அதிகம் பேசமாட்டார். சந்தேகம் என்றால் விற்காதே என்று மட்டும் சொல்வார். வந்த நாளிலிருந்து ஹோக்கனும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சாப்பாடு தருகிறார்கள்.

பஸ் வந்துவிடும். மற்றதைப் பிறகு எழுதுகிறேன். எல்லாரையும் அன்போடு விசாரிக்கும்,
செலீன்


ஸ்காபரோ
21 மார்ச் 1995

நோர்வே நாட்டு மான்களின் காதுகளுக்குக் காவல் தெய்வமான மருமகள் செலீனுக்கு, மாமா எழுதுவது. நாங்கள் சுகம். நீயும் சுகமாய் இரு.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்த சனம் நாங்கள். நீ போய்த் துவக்குக் கடையில் நிற்கிறாய். உன் கடிதத்தை உன் தாயாருக்கு வாசித்தபோது, துவக்கு என்று வந்த இடமெல்லாம் கார் என்று வாசித்துவிட்டேன். ஆகவே நோர்வேயில் காரெல்லாம் மானுக்குப் பயந்து சத்தமில்லாமல் ஓடுகின்றன என்று அக்கா நம்புகிறா. அப்படியே இருக்கட்டும்.

அதுசரி, யார் இந்த ஹோக்கன்? என் வயதாம். என் வயதில் என்னைத் தவிர வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் புதினம். உன் கடிதத்தில் வரிக்கு வரி ஹோக்கன். என் பெயர் கவரில் மட்டும். அதிகம் பேசமாட்டாராம். பேச விஷயம் இருந்தால்தானே? பல்லாவது இருக்கிறதா என்று பார்த்து எழுது. ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பாடு தருகிறார்கள்? உப்பில்லாத மீனாகத்தான் இருக்கும். நான் சமைத்த நண்டுக் குழம்பின் மணத்துக்கு ஒருமுறை விமானம் ஒன்று வழி மாறி எங்கள் கூரைக்கு மேலே வட்டமிட்டது உனக்குத் தெரியாதா?

இதை எழுதும்போது உன் மாமி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உங்களுக்கு எரியுது, என்ன?" என்றாள். எரிவது அடுப்பிலுள்ள கறி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கோயில்காரர் திரும்பவும் கேட்கிறார்கள்.

உன் ஒரேயொரு
மாமா


ஹமார்
4 ஜூன் 1995

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் பிந்தியதற்கு மன்னியுங்கள். வேலை கூடிவிட்டது. நான் சுகம், நீங்கள் எல்லாரும் சுகமென்று நம்புகிறேன்.

போன கிழமை ஒரு வேட்டைக்காரர் வந்தார். தம்பியாரின் சைலன்சர் தன் துவக்குக்கு அச்சாய்ப் பொருந்துகிறது, கொஞ்சம் இறுக்கித் தந்தால் போதும் என்றார். வாங்கிப் பார்த்தேன். புரி உண்மையாகவே பொருந்தியது. வெண்ணெய் மாதிரி ஏறியது. ஆனால் துவாரம் சின்னக் குண்டுக்கு உரியது. சுட்டிருந்தால் குண்டு உள்ளே இடித்து எல்லாம் சிதறியிருக்கும். இறுக்கித் தரமாட்டேன், இதை இந்தத் துவக்கில் பூட்டவே கூடாது என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஹோக்கனைக் கூப்பிட்டார். ஹோக்கன் பின்னால் கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவள் சொன்னதுதான்" என்றார். வேட்டைக்காரர் போய்விட்டார். திருகு ஏறிவிட்டால் பொருந்திவிட்டது என்று ஆட்கள் நினைக்கிறார்கள், மாமா.

எனக்கு இன்னும் நோர்வே குடியுரிமை கிடைக்காதபடியால் கனடா விசா எடுக்கவேண்டும். நீங்கள் ஓர் அழைப்புக் கடிதம் அனுப்பவேண்டும். நான் யார், எந்தக் கடையில் யாரிடம் வேலை செய்கிறேன், கலியாணம் எப்போது, எங்கே தங்குவேன். இவ்வளவும் போதும். தயவுசெய்து சுருக்கமாய் எழுதுங்கள்.

ஹோக்கன் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. கலியாணம் பார்க்கக் கனடாவுக்கு வரலாமா என்று நேற்றுக் கேட்டார். வாருங்கள் என்றேன்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.
செலீன்


ஸ்காபரோ
16 ஜூன் 1995

வெயில் காலமும் பனிக்காலமும் கழிந்து ஒருவாறு பதில் போட்ட மருமகளுக்கு, மாமாவின் மறதியில்லாத அன்பு. நாங்கள் இருந்தபடியே இருக்கிறோம்.

வாருங்கள் என்றாயாம். நல்லது. விருந்தினர் வரத்தான் வேண்டும். ஆனால் முதல்முறை விமானம் ஏறுகிறவர்களுக்குக் காது அடைத்து ஆறு மாதம் திறக்காது என்பதை மனிதரிடம் சொன்னாயா? கனடா மூஸ்கள் நோர்வேக்காரரின் மணம் பிடித்தால் மிசிசாகா விமான நிலையத்துக்கே வந்து முட்டும் என்பதைச் சொன்னாயா? வருவதும் விடுவதும் அவர் விருப்பம். கோயிலில் அவர் எந்த வாங்கில் உட்கார்ந்திருப்பார் என்று மட்டும் தெரிந்தால் நல்லது. வாங்கில்தானே இருப்பார்?

அழைப்புக் கடிதம் அனுப்பிவிட்டேன். வின்சன்ற், "நான் எழுதித் தாறன், அங்கிள்" என்று வந்து நின்றான். "உன்ரை இங்கிலீசு தண்ணி, தம்பி. என்ரை இங்கிலீசு சாராயம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். நீ ரசிப்பதற்காக அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

"மேன்மை தங்கிய ஐயா, செலீன் என் மருமகள். சைலன்சர் பற்றி அவளுக்குத் தெரிந்த ஒவ்வொன்றும் என் இரத்தத்திலிருந்து வந்தது. வேறு எந்த மனிதனிடமிருந்தும் அல்ல. நான் இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கான சைலன்சர்களைப் பூட்டியவன். நான் பூட்டினால் அயல் வீட்டுக்காரருக்கும் கேட்காது. பொலிசாரும் திகைத்திருக்கிறார்கள். என் காரேஜில் எந்த அளவுக்கும் சைலன்சர் உண்டு. அவள் வந்து என்னோடு சேர்ந்த அன்று ரொறன்ரோ மாநகரமே ஊமையாகும் என்று உறுதி கூறுகிறேன்."

உன் முதலாளியின் பெயர் எழுதத் தாளில் இடம் போதவில்லை.

பெருமையால் சட்டைப் பொத்தான் தெறித்த
மாமா


ஹமார்
10 ஓகஸ்ட் 1995

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். நேற்று ஒஸ்லோவில் விசா நேர்முகத்துக்குப் போனேன்.

இரண்டு பேர் இருந்தார்கள். மேசையில் உங்கள் கடிதம். வரிக்கு வரி சிவப்புக் கோடு. உங்கள் மாமா என்ன வேலை என்று கேட்டார்கள். சைலன்சர் பூட்டுகிறவர் என்றேன். நீங்கள்? நானும் அதுதான். எதற்குப் பூட்டுகிற சைலன்சர்? எனக்குப் பொய் வரவில்லை. "துவக்குக்கு" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கனடாவில் அதை வைத்திருப்பதே குற்றமாம். பிறந்த இடம் என்று என் பேப்பரில் உள்ள யாழ்ப்பாணத்தை ஒருவர் மெதுவாக, எழுத்துக் கூட்டுவது போல வாசித்தார். பொலிசார் எதற்காகத் திகைத்தார்கள் என்று கேட்டார். காரேஜில் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். நகரம் ஊமையாவது என்றால் என்ன என்று கேட்டார். மாமா கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

விசாவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மாமா, கார் என்ற சொல்லை நீங்கள் ஏன் ஓரிடத்திலும் எழுதவில்லை?

செலீன்


ஸ்காபரோ
22 ஓகஸ்ட் 1995

மருமகள் செலீனுக்கு, மாமா எழுதுவது. சுகம் விசாரிக்க எனக்கு இன்றைக்கு வாயில்லை.

யாழ்ப்பாணத்தில் சைலன்சர் என்றால் காருக்கு, பஸ்ஸுக்கு, மோட்டார் சைக்கிளுக்கு. அதற்கு முன்னால் கார் என்று எழுதுவது, செருப்புக்கு முன்னால் கால் என்று எழுதுவது போல. உன் கடிதத்தோடு வின்சன்ற்றைப் பிடித்தேன். அவன் தலையில் கை வைத்தான்.

"அங்கிள், இஞ்சை கார்ச் சாமானுக்கு மப்ளர் எண்டு பேர். சைலன்சர் எண்டால் துவக்குக்கு மட்டும்தான்."

"மப்ளர் கழுத்திலை சுத்திறது, தம்பி."

"உங்கடை கடை போர்ட்டிலை என்ன எழுதியிருக்கு, அங்கிள்?"

போய்ப் பார்த்தேன். என் தலைக்கு மேலே, ஆள் உயர எழுத்தில் மப்ளர் என்றுதான் இருக்கிறது. இவ்வளவு காலமும் அதற்குக் கீழேதான் வேலை செய்கிறேன். முன்பு குளிருக்குச் சால்வை விற்ற கடை, முதலாளி கஞ்சன், போர்ட்டை மாற்றவில்லை என்றே நினைத்திருந்தேன். வாடிக்கையாளரெல்லாம் மப்ளர், மப்ளர் என்று வந்தபோது, பாவம், குளிரில் கழுத்து விறைத்த சனம் என்று இரங்கியிருக்கிறேன்.

உன் கடைக்கு வந்த வேட்டைக்காரனைப் பற்றிச் சிரித்தேன். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். சொல் வெண்ணெய் மாதிரி ஏறியது. துவாரம் வேறு.

பொலிசார் வந்து காரேஜைப் பார்த்தார்கள். மரியாதையாகத்தான். பழைய குழாய்களைக் கண்டதும் ஒருவர் தன் காருக்கு விலை கேட்டார். அதனால் உன் தாயாரிடமும் துவக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. "உது எனக்கு முதலே தெரியும்," என்றா அக்கா. "கார் எங்கையடா மானுக்குப் பயப்பிடுறது?"

வின்சன்ற் தண்ணி இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதி, என் முதலாளியின் கடிதமும் சேர்த்து அனுப்பியிருக்கிறான். நான் கையெழுத்து மட்டும் வைத்தேன். சின்னதாய்.

மாமா


ஹமார்
8 செப்டெம்பர் 1995

அன்புள்ள மாமாவுக்கு, செலீன் எழுதுவது. சுகம்.

புதிய கடிதத்தை நம்புகிறார்கள் போலத்தான் இருக்கிறது. ஹோக்கன் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்து, தன் கடையின் பத்திரங்களையும் காட்டினார். ஆனாலும் முதற்கடிதம் எங்கெங்கோ போய்விட்டதாம். விசாரித்து முடிய அடுத்த வருடமாகலாம். வின்சன்ற்றுக்கு ஒக்டோபரைத் தவறவிட்டால் லீவு இல்லை. ஆகவே கலியாணத்தை இங்கே, ஹமாரில் வைக்க முடிவெடுத்தோம். அம்மாவும் வின்சன்ற்றும் வருகிறார்கள். ஒக்டோபர் 28, சனிக்கிழமை.

கோயில்காரர் கேட்பதாக ஒவ்வொரு தடவையும் எழுதினீர்கள். நான் பதில் எழுதாதது வேறு எதற்காகவும் இல்லை. இதை எழுதித்தான் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களைத் தவிர வேறு யார், மாமா?

உங்களால் இங்கே வர முடியுமா? முடியாதென்றால் ஹோக்கனைத்தான் கேட்கவேண்டும். இன்னும் கேட்கவில்லை. உங்கள் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செலீன்


ஸ்காபரோ
9 ஒக்டோபர் 1995

என் மருமகள் செலீனுக்கு, மாமா எழுதிக்கொள்வது. பிந்திவிட்டேன். இதைப் பல தடவை எழுதிக் கிழித்தேன்.

கனடா அரசாங்கத்துக்கு என்மேல் தீராத காதல். ஊரிலிருந்து அடையாளப் பேப்பர் ஒன்று வந்து சேரவில்லை என்ற சாக்கில் என் வதிவிட அனுமதியை இன்னும் தராமல் வைத்திருக்கிறது. நான் வெளியே போனால் திரும்பி வர விடாது. உனக்கு இதை முன்பு எழுதவில்லை. சக்கரவர்த்திகள் இப்படியான விஷயங்களை எழுதுவதில்லை.

அந்த மனிதரையே கேள். அவர் ஓமென்றால், கீழே உள்ளதை அவருடைய பாஷையில் வாசித்துக் காட்டு. ஒரு வரியும் விடாதே.

திரு. ஹோக்கன் அவர்களுக்கு. வாசற்படியில் உடுப்பு சிக்கும்; நீர் முதலில் ஏறி நின்று காத்திரும். பாட்டுத் தொடங்கின உடனே புறப்பட வேண்டாம். பெண்ணுக்கு மூச்சு எடுக்க நேரம் வேண்டும். அவளுடைய தகப்பனாருக்கு இடது காது கேட்காது. அதனால் அவள் அவருக்கு வலப்பக்கமாக நடந்து பழகியவள். நீர் அவளுக்கு இடப்பக்கம் நில்லும். பயம் வந்தால் உம்முடைய கையில் பெருவிரலை அழுத்துவாள். அதற்கு ஒன்றும் சொல்லவேண்டாம், நடந்துகொண்டே இரும். மெதுவாக நடவும். அதைவிட மெதுவாக. நடுவில் எங்கோ ஓரிடத்தில் உம்மைத் திரும்பிப் பார்ப்பாள். அப்போது நீர் சிரிக்கவேண்டும். கடைசியில் வின்சன்ற்றின் கையில் கொடுத்தவுடன் விட்டுவிடும். விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும் மாமன்மாரைப் பார்த்திருக்கிறேன். அழகாய் இராது.

அக்காவிடம் உனக்கு ஒரு சேலை கொடுத்து அனுப்புகிறேன். அதன் நீளம் ஸ்காபரோவிலிருந்து ஹமார் வரை இருக்கும்.

மாமா


ஹமார்
12 நவம்பர் 1995

என் அன்பு மாமாவுக்கு, செலீன் வின்சன்ற் எழுதுவது.

நாங்கள் சுகம். அம்மாவும் சுகம், ஹோக்கன் வீட்டு மீனுக்கு மிளகாய்த்தூள் போட்டுக் கொடுத்து அவர்களை அழவைத்தா.

உங்கள் கடிதத்தை ஹோக்கனுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, "இந்த மனிதர் இந்தத் தூரத்தை ஏற்கெனவே நடந்து பார்த்திருக்கிறார்" என்றார்.

அன்றைக்கு எல்லாம் நீங்கள் எழுதியபடிதான். படியில் காத்து நின்றார். என் இடப்பக்கம் நின்றார். நான் பெருவிரலை அழுத்தினேன்; அவர் ஒன்றும் சொல்லவில்லை. நடுவில் திரும்பிப் பார்த்தேன், சிரித்தார். ஆனால் அந்த இடத்தில் நின்றுவிட்டார். என் கையை மெல்ல எடுத்துவிட்டு, "மிச்சம் அவருடையது" என்றார். போய் ஓரத்து வாங்கில் இருந்துவிட்டார்.

சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓர்கன் வாசித்தவர் பாட்டை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். வின்சன்ற் என்னைக் கூட்டிப்போக ஓரடி முன்னால் வந்தார். அம்மா அவரைக் கையால் மறித்தா. மிச்சப் பாதியை நான் நடந்தேன், மாமா. மெதுவாக. இடப்பக்கத்தில் ஓராளுக்கு இடம் விட்டு.

உங்கள் மருமகள்
செலீன்


ஸ்காபரோ
26 நவம்பர் 1995

திருமதி செலீன் வின்சன்ற்றுக்கு, மாமா எழுதுவது. மாமியும் நானும் இருக்கிறோம். குளிர் தொடங்கிவிட்டது. சாதாரணக் குளிர்தான்.

உன் கடிதத்தை மாமி வாசித்தாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். எனக்குக் கண்ணாடி அகப்படவில்லை. இப்போதும் அகப்படவில்லை, ஆகவே எழுத்துக் கோணலாய் இருக்கும்.

உந்த ஹோக்கனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மனிதர் வாசலிலிருந்து பீடம் வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருந்தால், என் மிச்சக் காலம் முழுவதும் அவரைத் திட்டிக்கொண்டு எவ்வளவு சந்தோசமாய் இருந்திருப்பேன். அதற்கும் அவர் வழி வைக்கவில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் பாதியில் நின்றிருப்பேனா? நின்றிருக்க மாட்டேன். முழுத் தூரமும் நடந்து, போதாதென்று திரும்ப வாசலுக்குப் போய் இன்னொரு தரம் நடந்திருப்பேன். இந்த யோசனை அவருக்கு வந்திருக்கிறது, எனக்கு வந்திராது. அதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருக்கிறது.

வின்சன்ற் உன்னை இங்கே கூப்பிடப் பேப்பர் வேலை தொடங்கிவிட்டான். நீ வரும்போது அந்த மனிதரையும் கூட்டிக்கொண்டு வா. விமானம் பாதுகாப்பானது, காது ஒன்றும் அடைக்காது. எங்கள் வீட்டில்தான் தங்கவேண்டும், வேறு எங்கும் விடமாட்டேன். பக்கத்தில் வைத்து ஒரு மாதம் பார்த்தால், அவரைப் பிடிக்காமல் போவதற்கு ஏதாவது ஒன்று அகப்படாமலா போகும்?

மாமா